மூச்சு விடட்டும், விட்டுருவோம்: பாம்பன் கரைக்கு ஒரு பழைய பாணிப் போஸ்டர்

மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் வரை வடகடல் பக்கத்துக் கரைகளில் ஒட்ட ஒரு போஸ்டர். சொல்ல வேண்டிய சேதி ஒன்றுதான்: வலையில் ஆவுளியா மாட்டினால் உயிரோடு விட்டுவிடுங்கள். வேலையைக் கொடுத்த சிறு மீனவர் குழு கூடவே இன்னொன்றும் கேட்டது: "பழைய காலத்துப் போஸ்டர் மாதிரி இருக்கணும்." முதல் அச்சு வீணானதும் இந்த வாக்கியத்தால்தான், இரண்டாவது அச்சு தேறியதும் இதே வாக்கியத்தால்தான். போஸ்டர் செய்தவர்கள் முதலில் அதைத் தோற்றம் என்று படித்தார்கள், பிறகு கட்டுப்பாடு என்று படித்தார்கள்.

ஆவுளியா என்றால் கடல்பசு. மூன்று மீட்டர் நீளம், 400 கிலோ வரைகூட வளரும் பாலூட்டி. கடற்புல் மேய்ந்து வாழ்வது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கியாக வேண்டும். செவுள் வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் அடியிலேயே மூச்சு முட்டிச் சாகும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி இருப்பதால், ஒன்று செத்தால் ஈடுகட்ட நாளாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம். ராமநாதபுரம் கரைக்கு அந்த எல்லைக்கோடு வரவில்லை, விலங்கு வருகிறது. அதனால் இங்கே போஸ்டருக்கு வேலை கொஞ்சம் கூடுதல்.

முதல் அச்சு: யார் தவறியது?

அளவு 20×30 அங்குலம், அச்சகத்தில் டபுள் கிரவுன் என்பார்கள். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) ஆர்ட் பேப்பர், நான்கு நிற ஆஃப்செட். பழசாகத் தெரிய வேண்டுமே என்று கணினியில் பழுப்பேற்றி, ஓரம் கிழிந்ததுபோல் காட்டி, மடிப்புக்கோடுகூடப் போட்டிருந்தார்கள். மேலே வட்டத்துக்குள் ஒரு வயதான மீனவரின் மங்கலான முகம். கீழே ஆவுளியாவின் புகைப்படம். வலது ஓரத்தில் சீருடைக்காரர் ஒருவர் பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டுகிறார். நாற்பதுக்கு மேல் சொற்கள். தலைப்பில் "டுகாங்".

ஒட்டிய அன்று காலை டீக்கடையில் எழுந்த முதல் கேள்வி: "யாருப்பா தவறுனது?"

கேட்டவர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டுச் சுவரில் வட்டத்துக்குள் மங்கலான முகம் என்றால் அது கண்ணீர் அஞ்சலி. வெளிநாட்டுப் பழைய போஸ்டரில் செப்பியா என்ற பழுப்பு நிறம் ஏக்கத்தைக் கொடுக்கலாம், இங்கே சாவு வீட்டைக் காட்டும். போஸ்டரின் மொழி தாளில் பாதிதான் இருக்கிறது. மீதி அந்தச் சுவரில் அதற்கு முன் ஒட்டப்பட்டவற்றில் இருக்கிறது.

நீட்டிய விரலின் கதை இன்னும் மோசம். 1914-இல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த, பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் ராணுவத்துக்கு ஆள் கூப்பிடும் படத்திலிருந்து வந்த உத்தி அது. 1917-இல் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் அதையே அமெரிக்காவுக்கு 'அங்கிள் சாம்' ஆக்கினார். அங்கே அது ஏன் எடுபட்டது? விரல் நீட்டியவர் பார்ப்பவர்கள் ஏற்கெனவே பெரிய மனிதராக நினைத்தவர். கண்ணும் விரல்நுனியும் நேராகப் பார்ப்பதால், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உன்னைத்தான் சொல்கிறார் என்று தோன்றும். ஊரில் எல்லோரும் போகும்போது நீ மட்டும் போகவில்லையா என்ற கூச்சம் மீதி வேலையைச் செய்துவிடும். பாம்பனில் சீருடைக்கு அந்த முன்கதை இல்லை. கடலில் சீருடை என்றால் படகு பிடிபடுவது, கரையில் சீருடை என்றால் விசாரணை. விரல் நீட்டியதும் பார்ப்பவர் "நான் இல்ல" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். ஆவுளியா மாட்டினால் வெளியே சொல்லாமல் இருப்பதே நல்லது என்ற எண்ணத்தைத்தான் அந்தப் படம் வளர்க்கும். நோக்கத்துக்கு நேர் எதிர்.

தாளும் காலை வாரியது. ஆர்ட் பேப்பரின் பூச்சுக்குள் பசை இறங்காது, கனமான தாள் மூலையில் சுருண்டு எழும்பும். சித்திரை வெயிலில் நிறமும் போயிற்று. சலூன் கண்ணாடிக்கு மேலே நீலமாகிப்போன நடிகர் படத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: சாதாரண ஆஃப்செட் மையில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நிற்கும். சீருடைக்காரரின் முகம் பச்சை நீலமாகி, வட்டத்துக்குள் இருந்தவர் இன்னும் செத்துப்போனார்.

பழசு எங்கே இருக்கிறது

1796-இல் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் ஒற்றும் அச்சில், ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கல்லின் மேலும் மறுபடி மறுபடி போய்வர வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போகும் வாய்ப்பும் கூடும். பாரிஸில் போஸ்டர் ஓவியர் ஜூல்ஸ் ஷெரே மூன்று நான்கு கல்லிலேயே தெருவை நிறைத்ததற்குக் காரணம் சிக்கனமும் கைத்திறனும். மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சை இலவசம், தாளின் வெள்ளையும் ஒரு நிறம். தட்டையான பரப்பு, தடித்த வெளிக்கோடு, நிழல் இல்லாத உருவம் என்று இன்று நாம் 'பழைய ஸ்டைல்' என்று சொல்வதெல்லாம் இந்த நெருக்கடியில் பிறந்தவை. பழுப்பும் கிழிசலும் பின்னால் காலம் செய்த வேலை. அச்சிட்ட அன்று அந்தப் போஸ்டர்கள் பளீரென்று இருந்தன.

சொல்லும் விதத்திலும் அதே சிக்கனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் லூசியன் பெர்ன்ஹார்ட் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்குச் செய்த போஸ்டரில் இரண்டு தீக்குச்சியும் கம்பெனிப் பெயரும் மட்டும்தான். பொருள், பெயர், முடிந்தது.

நம் பக்கத்துப் பழைய அச்சுக்கலை வேறு வழியில் போனது. 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் பல கற்கள், பல நிறங்கள், எண்ணெய் ஓவியப் பளபளப்பு. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசி அச்சிட்ட காலண்டர்களும் அந்த வழிதான். 1985 வரை சிவகாசியும் இந்தக் கடற்கரையும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம் என்பதால், இங்கே 'பழைய படம்' என்றால் கண்ணில் வருவது அதுதான். ஆனால் அது இரண்டடி தூரத்தில், பூஜையறையில், நின்று பார்க்கும் படம். ஏலக்கூடத்துச் சுவரை முப்பதடி தள்ளி, கூடை தூக்கிக்கொண்டு, கண் கூசும் வெயிலில் கடப்பவருக்கு அது எட்டாது. தெருவுக்குக் குறைந்த நிறம், வீட்டுக்கு நிறைந்த நிறம். இந்தக் கணக்கு பின்னால் இன்னொரு இடத்திலும் உதவியது.

இரண்டாவது அச்சு: உருவம்

முதல் வேலை உருவத்தை மட்டும் கறுப்புத் தாளில் வெட்டிச் சுவரில் ஒட்டி, பத்து எட்டு தள்ளி நின்று கேட்பது. "ஓங்கல்" என்றார்கள். டால்பின். வாலும் உடல் வளைவும் இரண்டுக்கும் ஒத்திருப்பதால் நிழலுருவில் குழப்பம் வரும். வித்தியாசம் இருப்பது மூன்று இடத்தில்: முதுகுத்துடுப்பு கிடையாது, முகவாய் மழுங்கிக் கீழ்நோக்கி மடிந்திருக்கும், மூக்குத்துளை இரண்டும் முகத்தின் மேல்நுனியில் இருக்கும். இம்மூன்றையும் கொஞ்சம் மிகைப்படுத்தி மறுபடி வெட்டியதும் "ஆவுளியா" என்ற பதில் கேட்காமலே வந்தது. பெயரையும் அப்படியே எழுதினார்கள். 'டுகாங்' அடிபட்டது, 'கடல்பசு' சின்ன எழுத்தில் கீழே போயிற்று.

பார்வைக்கோணம் ரயில், கப்பல் போஸ்டர்களிடம் இரவல் வாங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதற்குப் பிறகு வந்த இருபது முப்பது ஆண்டுகள் அந்தப் போஸ்டர்களின் நல்ல காலம். 1935-இல் பிரான்ஸின் போஸ்டர் ஓவியர் கசாந்த்ர் வரைந்த நார்மண்டி கப்பல் போஸ்டரில் கப்பலின் முகப்பைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அடியில் பொடிப்பொடியாகப் பறவைகள், கப்பலின் பிரமாண்டத்துக்கு அளவுகோலாக. இங்கே பார்ப்பவரின் கண் கடலடியில் இருக்கிறது. தாளின் முக்கால் பங்கு நீர், மேலே ஒரு கை அகலத்துக்கு வானம். குறுக்குச் சாய்வில் ஆவுளியா மேலேறுகிறது. மூக்குக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம்தான் பாக்கி. அந்த இரண்டு அங்குலத்தில் வலை. போஸ்டரின் இழுப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மூக்கை நீருக்கு மேலே எடுத்துவிட்டால் படம் செத்துவிடும், ரொம்பக் கீழே இறக்கினால் வேடிக்கைப் படமாகிவிடும்.

விரல் நீட்டிய சீருடைக்குப் பதிலாக, கீழ் ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வருகிறது. பார்ப்பவர் நிற்கும் பக்கத்திலிருந்து வருவதால் அது அவருடைய கைதான். வலையின் ஒரு கண்ணியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, பக்கத்தில் அறுபட்ட நூல். முகம் இல்லை, அதனால் ஊர், சாதி, மதம் எதுவும் இல்லை. பாம்பன், கீழக்கரை, தொண்டி மூன்றுக்கும் ஒரே போஸ்டர் போக வேண்டுமென்றால் இது சின்ன விஷயமில்லை. குற்றவாளியைத் தேடிய போஸ்டர், விடப்போகிறவரைக் காட்டும் போஸ்டராக மாறியது இந்தக் கையால்தான்.

நிறம்

மூன்று நிறம், தாள் வெள்ளை நான்காவது. தேர்வுக்கு முன் கழித்தல். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் கட்சி. நீலமும் சிவப்பும் சேர்ந்தாலும் கட்சி. பச்சை தனியாக நின்றால் பள்ளிவாசல் அறிவிப்பு, காவியும் வெள்ளையும் பட்டைபட்டையாக வந்தால் கோவில் மதில். வெறும் நீலம் கண்ணிலேயே படாது. ஐஸ் கம்பெனிச் சுவர், படகு, டீசல் கேன் எல்லாம் நீலம்.

கடைசியில் நின்றவை மஞ்சள்காவி வானம், செங்காவிக் கை, கருநீல நீர். மூன்றும் வெயில் தாங்கும் நிறமிகள்: காவிகள் இரும்பு ஆக்சைடு, நீலம் தாலோ என்ற செயற்கை நிறமி. ஆஃப்செட்டில் இப்படி நிறமி பார்த்து மை எடுக்கச் சின்ன வேலைகளுக்கு வழி குறைவு. மெல்லிய வலைத்திரை வழியாக மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பட்டறையிலேயே கலக்கலாம். எது கடைசிவரை நிற்க வேண்டுமோ அது நீலத்தின் பொறுப்பு: உருவமும் எழுத்தும் நீலத்திலிருந்து வெள்ளையாக வெட்டி எடுக்கப்பட்டவை. மற்ற இரண்டும் மங்கினாலும் சேதி மங்காது.

அச்சு வரிசையில் ஒரு நுணுக்கம். வெளிர் நிறம் முதலில் என்ற வழக்கம் மட்டும் போதாது. எந்த மை ஒளியை மறைக்கும், எது விடும் என்று பார்க்க வேண்டும். காவி மறைக்கும், தாலோ நீலம் கண்ணாடிபோல் விடும். அதனால் மஞ்சள்காவி, செங்காவி, மேலே நீலம். செங்காவிமேல் நீலம் விழுந்த இடம் கரும்பழுப்பாகி, கையின் நிழல்பக்கம் செலவில்லாமல் கிடைத்தது. வரிசையை மாற்றிப் போட்ட ஒரு சோதனைத் தாளில் செங்காவி நீலத்தை மூடிக்கொண்டு, கை கையுறை மாட்டியதுபோல் ஆகிவிட்டது.

எழுத்து

நாற்பது சொல்லுக்குப் பதில் மூன்று சொல்: "மூச்சு விடட்டும், விட்டுருவோம்." முதல் வரைவில் "விடு!" என்றுதான் இருந்தது. பழைய போஸ்டர்கள் ஏவல்வினையிலேயே பேசும், அடிக்கும். ஆனால் இந்தக் கரையில் மூத்தவரைப் பார்த்து ஒரு சுவர் "விடு" என்றால் அது மரியாதைக்குறைவு. "விடுங்கள்" என்றால் அரசாங்க நோட்டீஸ். "விட்டுருவோம்" படகுக்குள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வது. 'விடு' என்ற ஒரே வினை மூச்சுக்கும் வலைக்கும் பொருந்திவந்தது தமிழ் கொடுத்த இனாம்.

பத்தடிக்கு ஓர் அங்குல எழுத்து என்பது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. இந்த வாசகத்தில் ஐந்து புள்ளி. எழுத்து உயரம் இரண்டரை அங்குலம், புள்ளியை எழுத்துக்கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக, எழுத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தார்கள். 'மூ' எழுத்தின் உள்வெளியையும் திறந்துவிட வேண்டியிருந்தது. வெள்ளை எழுத்தைச் சுற்றியுள்ள நீலம் அச்சில் உள்ளே பரவிக் குறுகலான இடங்களை அடைத்துவிடும். கணினி எழுத்துரு எதுவும் சரிவரவில்லை. போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் தட்டைப் பிரஷ்ஷில் எழுதிக் கொடுத்ததையே ஃபிலிம் எடுத்தார்கள்.

அச்சும் பசையும்

300 பிரதி. ஒருபக்கம் மட்டும் வழவழப்பான 60 ஜிஎஸ்எம் போஸ்டர் பேப்பர். வழவழப்பில் மை, சொரசொரப்பில் பசை. திரையின் வலை (மெஷ்) சென்டிமீட்டருக்கு 77 இழை, திரைக்கும் தாளுக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. கடற்கரை ஈரத்தில் தாள், அதன் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே விரியும். 20 அங்குல அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை நகரலாம். காலையில் அடித்த மஞ்சள்மேல் மறுநாள் நீலம் உட்காராததற்கு இதுதான் காரணம், திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்று: தாளை ஒருநாள் முன்பே பட்டறையில் பிரித்து வைப்பது, நிறங்கள் சந்திக்கும் விளிம்புகளில் ஒன்றரை மில்லிமீட்டர் மேற்படிவு விடுவது. கல்லச்சுக்காரர்கள் தடித்த வெளிக்கோடு போட்டதன் பாதி ரகசியமும் இதுவே. பொருந்தாத விளிம்பை அது மூடிவிடும்.

பசைக்கு ஒரு கிலோ மைதாவை ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஆறு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளற வேண்டும். நாற்பது போஸ்டர் ஒட்டலாம். பூச்சிக்கு மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடுவது வழக்கம். இங்கே போடவில்லை. ராமநாதபுரத்தில் போஸ்டரின் முதல் வாசகர் ஆடு, ஆட்டுக்கு, அதிலும் செம்மறிக்கு, செம்பு விஷம். மயில்துத்தத்துக்குப் பதிலாகக் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் வைத்தார்கள். வெள்ளாடு பின்னங்காலில் நின்றாலும் எட்டுவது சிரமம்.

உப்புப் பூத்த சுண்ணாம்புச் சுவரில் நேரே ஒட்டினால் போஸ்டர் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளாது. இரண்டும் சேர்ந்து விழும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, நீர்த்த பசையை ஒரு கை பூசிக் காயவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். ஐஸ் கம்பெனிச் சுவரை விட்டுவிடலாம், அது எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். பழைய சினிமா போஸ்டர் அடுக்கின் மேலும் வேண்டாம். முதல் மழையில் கனம் தாங்காமல் மொத்தமும் சரியும். தேறிய இடங்கள் மூன்று: ஏலக்கூடத்தின் உள்சுவர், டீசல் பங்க், வலை பின்னும் கொட்டகைக்கு எதிர்ச்சுவர். கடைசி இடமே முதல் தரம், அங்கேதான் ஆட்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், கையிலும் வலை இருக்கிறது.

ஒட்டிய நாள் ஜூன் இரண்டாவது வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கும் நேரம், கரையில் கூட்டம் அதிகம். அதே நேரம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றும் தொடங்கியிருக்கும். தெற்கும் மேற்கும் பார்த்த சுவர்களில் காற்றோடு வரும் மணல் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். கிழக்கு, வடக்குச் சுவர்கள் வாடை தொடங்கும்வரை தாக்குப்பிடித்தன.

இன்னும் சரியாகாதவை

வலைப்பணம். "விட்டுருவோம் சரி, அறுத்த வலைக்கு யாரு குடுப்பா?" என்ற கேள்வியை எந்த நிறமும் மறைக்காது. ஆவுளியாவை விட்ட மீனவர்களை வனத்துறை பணம் கொடுத்துப் பாராட்டியதுண்டு. ஆனால் போஸ்டரில் தொகை அச்சிட்டால் அது வாக்குறுதி ஆகிவிடும், கிடைக்காதபோது போஸ்டரும் பொய்யாகிவிடும். அதனால் கீழே வெள்ளைப் பட்டை விட்டு, தகவல் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணை மட்டும் ஊர்வாரியாகக் கையால் முத்திரை குத்தினார்கள்.

வீட்டுக்கு வேறு பதிப்பு. சிவகாசி காலண்டரின் தந்திரம் எளிது: மேலே சாமி, கீழே கடைப் பெயர், சாமியைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது, கடைப் பெயரும் வருடம் முழுக்கத் தொங்கும். அதே படத்தை 10×15 அங்குலத்தில், இங்கே நிழலும் நிறமும் தாராளமாகச் சேர்த்து, கீழே அமாவாசை, பௌர்ணமி, விசைப்படகு கடலுக்குப் போகும் நாள், நாட்டுப்படகு போகும் நாள் போட்டு அடித்தார்கள். நீரோட்டம் பார்க்கப் பிறை தேவை, அதனால் சுவரில் ஆணி கிடைத்தது. வீடுகளில் அதைப் படித்துக் காட்டுவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் என்பதால், அடுத்த பதிப்பில் எழுத்தை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்க முடிவு.

முத்திரையில்தான் கடைசி ஓட்டை. சாதாரண ஸ்டாம்ப் பேடின் ஊதா மை தண்ணீரில் கரையும் சாயம். முதல் மழையில் எண் வெள்ளைப் பட்டை முழுக்க வழிந்து, சேதி நின்று, கூப்பிட வேண்டிய எண் போயிற்று. மீதிப் பிரதிகளுக்குத் தகரத்தில் எண்களை வெட்டி, படகுக்கு எண் எழுதும் அதே கறுப்புப் பெயின்ட்டை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றினார்கள்.